இரண்டு விசிலுக்குக் கை மேலே

விசில் அக்கா வீட்டுக் குக்கருக்கு விசில் கிடையாது. வாங்கும்போது இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறு திறந்த பாத்திரத்தில்தான் வேகிறது. "ஊர்ல எல்லார் வீட்லயும் சோறு கத்திக்கிட்டு வேகுது. நம்ம வீட்ல மட்டும் ஊமையா வேகுது" என்பார் அவள் கணவர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவர். நாள் முழுக்க ஊரார் பார்வையைச் சரிசெய்கிற மனுஷனுக்குத் தன் வீட்டில் நடப்பதில் பாதி கண்ணில் படாது. கண்ணில் பட்ட மீதிப் பாதியைப் பற்றி அவர் கேட்கவும் மாட்டார்.

சொந்தக் குக்கரை ஊமையாக்கலாம், பக்கத்து வீட்டுக் குக்கரை என்ன செய்வது? நடுவில் ஒற்றைச் சுவர்தான். அந்தக் குக்கருக்கு வேறு ஒரு கோளாறு. நீளமாகக் கூவத் தெரியாது. முதலில் ஒரு சீறல், பிறகு வெட்டி வெட்டி இரண்டு விசில். காலை எட்டு மணிக்கு அந்தச் சீறல் கேட்டதும் அக்கா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். தட்டோ, கரண்டியோ, பல் தேய்க்கிற பிரஷ்ஷோ, எதுவானாலும் சரி. வைக்கத் தவறினால் கையில் இருந்தது தரையில் கிடக்கும். இரண்டு கையும் தலைக்கு மேலே போயிருக்கும். இப்படி உடைந்த கண்ணாடி டம்ளர்கள் ஒரு டஜன் இருக்கும். பிறகு அந்த வீட்டில் கண்ணாடி டம்ளர் வாங்குவதையே விட்டுவிட்டார்கள்.

அக்கா வேலை பார்ப்பது ஊர்க்கோடியில் இருக்கும் ஒரு விளையாட்டு மைதானத்தில். மைதானம் என்றால் சும்மா புல்தரை இல்லை. டயர் வரிசை, தரையோடு தரையாகக் கட்டிய வலை, உருட்டுக்கட்டைப் பாலம், இரண்டு ஆள் உயரத்துக்கு மரச்சுவர், அதைத் தாண்டிச் சேற்றுக்குழி, கடைசியில் ஒரு கம்பத்தில் வளையம். ஏழு பேர் கொண்ட அணி ஒரு பந்தைத் தூக்கிக்கொண்டு இவ்வளவையும் தாண்டி வளையத்தில் போட வேண்டும். எதிரணி ஏழு பேர் நடுநடுவே நின்று பறிக்கப் பார்ப்பார்கள். பந்து தரையில் பட்டால் எதிரணிக்குப் போய்விடும். பந்து மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது. ஏழாவது ஆளும் சுவரைத் தாண்டிய பிறகுதான் வளையத்தில் போட்டது செல்லும். ஆபீஸில் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காதவர்களைச் சேற்றில் போட்டு உருட்டினால் ஒற்றுமை வந்துவிடும் என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்துவிட்டான். கம்பெனிகளும் தொழிற்சாலைகளும் சனிக்கிழமை தோறும் ஆட்களை வண்டியில் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருந்தன.

பள்ளி நாட்களில் அக்கா நல்ல கைப்பந்தாட்டக்காரி. முழங்கால் கெட்டுப் போனதும் நடுவர் ஆனாள். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் பித்தளை விசில். ஆடுகிற காலத்திலேயே சொந்தமாக வாங்கியது. ஐம்பது பேர் கூச்சலுக்கு மேலே கேட்கும். விசில் அக்கா என்று பெயர் வந்தது அப்படித்தான். நல்ல நடுவர். யார் கத்தினாலும் அசைய மாட்டாள், யாருக்காகவும் முடிவை மாற்ற மாட்டாள்.

அந்த விளையாட்டில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. பந்து விழுந்து விசில் ஊதிய பிறகும் ஆட்கள் நிற்க மாட்டார்கள். அந்த இரண்டு நொடியில் ஒருவன் பந்தைக் காலால் தள்ளுவான், ஒருவன் பாலத்தில் நாலடி முன்னே போயிருப்பான், பிறகு நான் இங்கேதான் இருந்தேன் என்று சண்டைக்கு நிற்பான். இதற்கு அக்காதான் வழி கண்டுபிடித்தாள். இரண்டு குட்டி விசில் கேட்டால் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட வேண்டும். நீளமாக ஒரு விசில் வரும் வரை இறக்கக் கூடாது. கையைத் தூக்கியவன் பந்தைத் திருட முடியாது, வலையைப் பிடித்து நகரவும் முடியாது. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். நோட்டீஸில் ஆறாவது விதியாக அதை அச்சடித்தார், நுழைவாயிலில் தகரப் பலகையிலும் எழுதி வைத்தார். வாசகம் அக்காவுடையதுதான்: "இரண்டு விசில் கேட்டதும் யார் எங்கிருந்தாலும் இரண்டு கையையும் மேலே தூக்கி நிற்க வேண்டும்."

யார் எங்கிருந்தாலும். அந்த இரண்டு வார்த்தையை எழுதியபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எந்த ஓட்டையும் இல்லாத விதி என்று நினைத்தாள். மரச்சுவர் மேலே இருக்கிறவன் கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, மேனேஜருக்கும் தோன்றவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அச்சகத்து அணி ஒன்று வந்தது. அதில் அச்சு இயந்திரம் ஓட்டுகிற நெட்டையன் ஒருவன். மெஷின்காரன் என்று கூப்பிடுவார்கள். அவன் தங்கை வீட்டுக்காரன் அதே அச்சகத்தில் பைண்டர். ஆள் ஒல்லி. சுவரில் கடைசி ஆளைக் கீழேயிருந்து தூக்கிவிட யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால், மேலே பலகைத் தட்டில் ஒருவன் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிட்டு அவனை இழுக்க வேண்டும். மேலே படுப்பவன் எப்போதும் மெஷின்காரன், கடைசி ஆள் எப்போதும் பைண்டர். "மாப்ளே, கையக் குடு" என்பான். மைதானம் முழுக்கக் கேட்கும். தங்கை புருஷனைத் தன் கையால் தூக்கிவிடுவதில் அவனுக்கு ஒரு பெருமை.

நாலு சனிக்கிழமை பயிற்சி. இரண்டு விசிலுக்குக் கை தூக்குவதில் மெஷின்காரனை மிஞ்ச ஆள் கிடையாது. இயந்திரத்தோடு வேலை செய்கிறவன். சத்தம் மாறினால் கை உடனே வேறு இடத்துக்குப் போய்விடும். "பாத்துக் கத்துக்குங்க, ஒரு ஆளாவது ஒழுங்கா இருக்காரு" என்று அக்கா மற்றவர்களைத் திட்டும்போதெல்லாம் அவனைத்தான் காட்டுவாள்.

பிஸ்கட் கம்பெனி அணியோடு ஆட்டம் நடந்த அன்று மாலை நாலு மணி இருக்கும். அச்சகத்து ஆட்கள் ஐந்து பேர் சுவரைத் தாண்டிப் பந்தோடு சேற்றுக்குழியில் இறங்கிவிட்டார்கள். மேலே மெஷின்காரன். கீழேயிருந்து பைண்டர் ஏறிக்கொண்டிருந்தான், பாதிக்கு மேல் வந்துவிட்டான். இரண்டு பேர் மணிக்கட்டும் பின்னிக்கொண்டிருந்தன. அக்கா சுவரைப் பார்க்கவில்லை. நடுவர் பந்தைத்தானே பார்ப்பாள். பந்து ஒருவன் விரல் நுனியில் பட்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. ஊதினாள். இரண்டு விசில்.

ஊதியதும் தானும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவது அவள் வழக்கம். தூக்கிக்கொண்டே எல்லாரும் கை தூக்கியிருக்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்வை பார்த்தாள். சேற்றுக்குழியில் எல்லாரும் தூக்கியிருந்தார்கள். சுவர் மேலே மெஷின்காரன் மண்டியிட்டு எழுந்து, நேராக, இரண்டு கையையும் தூக்கி நின்றான். அவன் முகத்தில் இன்னும் எதுவும் வந்து சேரவில்லை. விதிப்படி செய்துவிட்டவன் முகம்தான் அது. பிறகு அவன் குனிந்து கீழே பார்த்தான்.

சுவரடியில் மணல்தான் கொட்டியிருந்தார்கள். ஆனால் கால் வைத்து ஏறுவதற்காக ஒரு உருட்டுக்கட்டை கிடந்தது. பைண்டரின் தலை அதில்தான் பட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். மூன்றாம் நாள் இல்லை.

விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் உள்ளே வருவதற்கு முன்னால் மேனேஜர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் அணிகளின் படங்கள். அவள் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆள் விழுந்ததைப் பாத்துட்டுத்தானே நீங்க விசில் ஊதுனீங்க?" என்று கேட்டார். கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கொடுத்தார். அவள் தலையாட்டினாள். வாயைத் திறந்து அவள் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அதையே மேனேஜர் சொல்ல, விசாரிக்க வந்தவர்கள் எழுதினார்கள், அவள் கையெழுத்துப் போட்டாள். விசில் கேட்டதால்தான் கையை எடுத்தேன் என்று மெஷின்காரன் சொன்னதற்கு, விசில் அதற்குப் பிறகுதான் ஊதப்பட்டது, நடுவரே சொல்லிவிட்டார் என்று பதில் வந்தது. அந்தக் கூச்சலில் எது முன்னே எது பின்னே என்று அடித்துச் சொல்ல வேறு யாருக்கும் தைரியம் இல்லை. பந்து விழுவதைப் பார்த்ததும் அதைப் பிடிக்கத் தாவி மச்சானைக் கைவிட்டான் என்று ஊர் ஒரு கதையைத் தயார்செய்தது. ஊருக்குக் கதை கட்டச் சொல்லியா கொடுக்க வேண்டும். பந்துக்காக மச்சானை விட்டவன் என்பது அவன் அடையாளம் ஆயிற்று. அவன் தங்கை அன்றோடு அவன் முகத்தில் விழிப்பதை நிறுத்தினாள்.

அந்த வாரமே மரச்சுவரைப் பிரித்தார்கள். தகரப் பலகையில் ஆறாவது வரிமேல் பெயின்ட் அடித்தார்கள். மட்டமான பெயின்ட். மழை பெய்தால் அடியில் இருக்கிற எழுத்து மறுபடி தெரியும்.

அக்கா விசிலைச் சாமான் அறை ஆணியில் மாட்டிவிட்டு, நடுவர் வேலை வேண்டாம், முழங்கால் வலிக்கிறது என்றாள். அன்றிலிருந்து பந்துக்குக் காற்றடிப்பதும், அணி பனியன்களைத் துவைத்து மடிப்பதும், வலையின் முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பதும் அவள் வேலை. விசில் போனாலும் பெயர் போகவில்லை.

வெயில் சாய்கிற நாலு மணிக்குச் சாமான் அறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். திரும்பிப் பார்த்தால் சுவர் இருந்த இடத்தில், சுவர் இல்லாமலேயே, இரண்டு ஆள் உயரத்தில் ஒருவன் கையைத் தூக்கி நிற்பான். முகத்தில் எதுவும் வந்து சேராதவன். இறந்தவன் வந்தால்கூட யாரிடமாவது சொல்லலாம், எதையாவது செய்து தொலைக்கலாம். இவன் உயிரோடு, நாலு தெரு தள்ளி, அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். உயிரோடு இருக்கிறவன் ஆவியாக வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அவன் எதற்காக அப்படியே நிற்கிறான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். நீள விசிலை அவள் அன்றைக்கு ஊதவே இல்லை.

இப்படி ஒன்பது வருஷம். இந்த வருஷம் மேனேஜருக்கு மறுபடி ஆசை வந்தது. சுவர் இல்லாமல் ஆட்டத்தில் உப்பு இல்லை என்று கம்பெனிகள் சொல்கின்றன என்றார். பழைய இடத்திலேயே தச்சர்கள் வேலையைத் தொடங்கினார்கள். "திறப்பு நாளைக்கு நீங்களே ஊதுங்க. விசில் அக்கான்னு பேரை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் பந்துக்குக் காத்தடிப்பீங்க?" என்று சிரித்தார். அவள் அடுத்த பந்துக்குக் காற்றடிக்கத் தொடங்கினாள்.

சுவர் பாதி எழும்பிய வாரத்தில், செவ்வாய்க்கிழமை காலை, சாமான் அறை வாசலில் வெளிச்சம் குறைந்தது. அக்கா காற்றடிக்கும் பம்ப்பிலிருந்து நிமிர்ந்தாள். நிலையில் தலை இடிக்கிற உயரம். முடி கொட்டிப் போயிருந்தது. கைகளைக் கட்டி, அக்குளுக்குள் விரல்களை ஒளித்துக்கொண்டு நின்றான்.

"மேனேஜர் இருக்காருங்களா?"

"வெளிய போயிருக்கார். மதியம் வருவார்."

"நீங்க இருந்தா போதும்" என்றான். சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினான். "புது நோட்டீஸ் அடிக்கக் குடுத்திருக்காங்க. பழைய நோட்டீஸையே அப்படியே குடுத்துட்டாங்க போல. ஆறாவது வரியைப் பாருங்க."

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. யார் எங்கிருந்தாலும். மேனேஜர் பீரோவில் கையில் கிடைத்த பழைய தாளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். பலகையில் பெயின்ட் அடித்தது ஞாபகம் இருந்தவருக்கு நோட்டீஸ் ஞாபகம் இல்லை.

"மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி படிச்சேன். ஓட்டலை. தாள் சரியில்லைன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். சுவரும் கட்டுறாங்கன்னு கேள்விப்பட்டேன். சுவரும் இருந்து இந்த வரியும் இருந்தா நல்லதில்லைங்க."

"எடுத்துடறேன்" என்றாள்.

வந்த வேலை முடிந்தும் அவன் போகவில்லை. மறுபடி கைகளைக் கட்டிக்கொண்டு, வாசலில் கிடந்த டயரைப் பார்த்துப் பேசினான். "இன்னொன்னு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு நினைச்சது. கோவிச்சுக்காதீங்க."

"கேளுங்க."

"விசில் கேட்டுத்தான் நான் கையை எடுத்தேன்னு நினைச்சேன். நீங்க இல்லைன்னு சொல்லிட்டீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், நடுவர் நீங்க. ஆனா எனக்கு எப்படி அப்ப விசில் கேட்டுச்சு? ஜனங்க சொல்ற மாதிரி பந்தைப் பாத்துத்தான் விட்டேனா? யோசிச்சு யோசிச்சு எனக்கே தெரியாமப் போயிடுச்சு. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கான்னு கேக்கலாம்னு…"

அவன் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தாலும் தாங்கியிருப்பாள். அவன் அவளை நம்பியிருக்கிறான். தன் கையை நம்பாமல், தன் காதை நம்பாமல், நடுவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒன்பது வருஷம் நம்பியிருக்கிறான். கையில் இருந்த பந்தைக் கீழே வைத்தாள்.

"விசில்தான் முதல்ல" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"விசில் முதல்ல. அப்புறம் உங்க கை. அதுக்கப்புறம்தான் அவர் விழுந்தார். நான் பொய் சொன்னேன்."

அவன் டயரில் உட்கார்ந்தான். கட்டியிருந்த கைகளை மெல்ல எடுத்து, முன்னே நீட்டி, உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தச்சர்கள் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. அவன் அழவில்லை. அவன் அழுதால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"சாப்பிடறப்ப இந்தக் கையைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவேன்" என்றான் கடைசியில். "இதுக்கு எதுக்கு சோறுன்னு தோணும்." எழுந்தான். "என்கிட்ட சொல்லிட்டீங்க. அது போதாது. என் தங்கச்சிகிட்ட சொல்லணும். நான் சொன்னா கதவைச் சாத்திடுவா. நீங்க சொன்னாலும் நம்புவாளான்னு தெரியலை."

மதியம் மேனேஜர் வந்ததும் அக்கா தாளை மேஜைக் கண்ணாடிமேல் வைத்து, அவர் பேனாவையே எடுத்து ஆறாவது வரியைக் குறுக்கே அடித்தாள். பிறகு தான் செய்யப் போவதைச் சொன்னாள். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார்.

"கிணத்துல போட்ட கல்லு மாதிரி கிடந்த விஷயம். இப்ப எதுக்கு அதைக் கிளறணும்? அந்தம்மா நிம்மதியா இருக்கட்டுமே."

"கல்லு இல்லைங்க. ஆளு."

அவள் சாமான் அறைக்குப் போய் ஆணியிலிருந்து விசிலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவளுடைய விசில் அது. இனி அந்தச் சுவருக்கு முன்னால் வேறு யாரும் அதை ஊத வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கணவரிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் சொந்தக் கண்ணாடியின் காலைத் திருகாணி போட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"தூக்கத்துல கையைத் தூக்குவே. எதையோ தூக்கிப் பிடிச்சிருக்கேன்னு நினைச்சேன். என்னன்னு கேட்டா கீழ போட்டுருவியோன்னு கேக்கலை" என்றார். பிறகு, "நானும் வரட்டுமா?" என்றார்.

"வேண்டாம்."

"வெறுங்கையோட போகாதே" என்றார் பழக்க தோஷத்தில். ஒரு வீட்டுக்குப் போகிறவளிடம் எப்போதும் சொல்வது. இப்போது சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவர் முகம் சுருங்கிற்று. ஆனால் அவள் போகிற வழியில் ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கினாள். யாரோ வாங்கச் சொன்னது போல் கால்கள் கடைமுன் தாமாக நின்றுவிட்டன.

தங்கை வீடு ஒரு குறுகிய தெருவில் மாடியில் இருந்தது. வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு. தெருவின் எதிர்ப்பக்கம் மின்கம்பத்தடியில், பேசி வைத்தபடி, மெஷின்காரன் காத்திருந்தான். புருஷன் செய்த பைண்டிங் வேலையைத் தங்கை இப்போது வீட்டிலேயே செய்கிறாளாம். அச்சகத்தில் இவன் அச்சடிக்கிற தாள்கள் தள்ளுவண்டிக்காரன் கையால் அவள் வீட்டுக்குப் போகும், மடித்துத் தைத்துத் திரும்பி வரும். அண்ணன் அச்சடித்த தாளுக்கு அந்தப் படியேற அனுமதி உண்டு, அண்ணனுக்கு இல்லை.

"நீங்க வரலையா?"

"நான் இங்கயே நிக்கறேன். என்னைப் பாத்தா உங்களையும் உள்ள விட மாட்டா."

படியில் கால் வைத்தபோது அக்காவுக்குப் பை கனத்தது. பழத்தைக் கொடுத்துவிட்டா இதைச் சொல்வது? திரும்பிவந்து பையை அவன் கையில் கொடுத்தாள். "இதைக் கொஞ்சம் வெச்சிருங்க" என்றாள். அவன் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

தங்கை கதவைத் திறந்து, யார் என்று கேட்டு, மைதானத்தின் பெயரைக் கேட்டதும் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். அறை முழுக்கத் தாள் அடுக்குகள். பசை வாசனை. ஜன்னலோரம் தையல் போட வேண்டிய புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. அவள் ஒரு தாளை எடுத்து மடித்து, மடிப்பின்மேல் ஒரு மரக்கத்தியை அழுத்தி இழுத்தாள். அக்கா சொல்லச் சொல்ல மடித்துக்கொண்டே இருந்தாள். அக்கா விதியைச் சொன்னாள், பந்து விழுந்ததைச் சொன்னாள், தலையாட்டியதைச் சொன்னாள், கையெழுத்துப் போட்டதைச் சொன்னாள். மரக்கத்தி நிற்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் தங்கை.

"முடிஞ்சுது."

"அவன் அனுப்பிச்சானா?"

"கூட வந்தார். ஆனா பொய் சொன்னது நான். அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்."

"விசில் கேட்டா கை தானாப் போயிடுமா? பிடிச்சிருக்கறது தங்கச்சி புருஷன்னுகூடத் தெரியாமப் போயிடுமா? சின்னப் புள்ளைக்குச் சொல்ற கதையெல்லாம் என்கிட்ட சொல்லாதீங்க." அவள் குரல் ஏறவில்லை. தாளைப் பார்த்தே பேசினாள். "அவன் பந்தைப் பாத்தான், விட்டுட்டான். அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நான் அதுக்குப் பழகிட்டேன். இப்ப வந்து அது இல்லைன்னா, நான் ஒன்பது வருஷம் அவனை ஒதுக்கி வெச்சதை என்ன பண்றது?"

அக்கா தோளில் தொங்கிய கைப்பைக்குள் கையை விட்டு எதையோ தேடுபவள் போலத் துழாவினாள். விசில் விரலில் பட்டது. அதன் கயிறு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது.

தங்கை அதைப் பார்த்தாள். "அதுதானா?"

"ஆமா."

"ஊதுங்க. என் கை போகுதான்னு பாப்போம்."

"வேண்டாம்மா."

"ஊதுங்கன்னு சொல்றேன்ல. அவ்வளவு பெரிய விசிலு, என் புருஷனைக் கொன்ன விசிலு. நானும் ஒரு தடவை கேட்டுக்கறேன்."

கேட்கிற உரிமை அவளுக்கு இருந்தது. அக்கா கயிற்றைக் கழுத்தில் மாட்டினாள். பித்தளை நாக்கில் கசந்தது. மூச்சு வருமா என்றே தெரியவில்லை. வந்தது. குட்டியாக இரண்டு.

அந்தச் சின்ன அறை அதிர்ந்து அடங்கியது. தங்கை மடியில் தாள், ஒரு கையில் மரக்கத்தி, மறுகை மடிப்பின் மேல். எதுவும் அசையவில்லை.

"பாத்தீங்களா? வெச்ச கை வெச்ச இடத்துலயே இருக்கு" என்றாள்.

அப்போது தெருவில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. சைக்கிளில் வந்த யாரோ "ஏய், பாத்து" என்றார்கள். ஒரு குழந்தை சிரித்தது. தங்கை மரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள்.

மின்கம்பத்தடியில் அவள் அண்ணன் நேராக நின்றிருந்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே. காலடியில் பை வாய்பிளந்து கிடந்தது. ஆப்பிள்கள் தெருச் சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு போய்க்கொண்டிருந்தன. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. அவன் முகத்தில் இன்னும் எதுவும் வந்து சேரவில்லை.

தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு அவள் செருப்புக்கூடப் போடாமல், அக்காவைத் திரும்பியும் பார்க்காமல், கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் படியிறங்கினாள். இரும்புப் படிகள் தடதடத்தன.

தெருவைக் கடந்து அண்ணன் முன்னால் போய் நின்றாள். அவன் தோள் உயரம்கூட அவள் இல்லை. எக்கி நின்று முதலில் ஒரு மணிக்கட்டைப் பிடித்தாள், பிறகு இன்னொன்றை.

"அண்ணா" என்றாள். "முடிஞ்சுது. கையைக் கீழ போடு."

அவன் போடவில்லை. போடத் தெரியவில்லை போலிருந்தது. அவள்தான் அந்த இரண்டு கையையும் மெல்ல மெல்ல இழுத்துக் கீழே கொண்டுவந்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். பிறகு இருவருமாகக் குனிந்து ஆப்பிள்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

மேலே ஜன்னலில் அக்கா எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றாள். கீழே யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விசில் அவள் மார்பில் கயிற்றோடு ஆடிக்கொண்டிருந்தது. தன்னுடைய இரண்டு கையும் இன்னும் மேலேயே இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இறக்கப் பார்த்தாள், முடியவில்லை. படிக்கட்டில் யாராவது ஏறி வருகிற சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தாள்.